பெயர்களால் பேசுகிறவர்கள்: 'டார்மொக்' குறித்துச் சில எண்ணங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் விண்வெளிக் கதைகள் பெரும்பாலும் ஒரு பொய்யின் மேல் நிற்கின்றன. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அங்கே இருக்கிற சனம் ஆங்கிலம் கதைக்கும். 'ஸ்ரார் ட்ரெக்' தொடரில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. எந்த மொழியையும் அந்தக் கணமே பெயர்த்துத் தந்துவிடும். எப்படி என்று கேட்கக் கூடாது. கேட்டால் கதை நகராது. ஆட்களைக் கரைத்து இன்னொரு இடத்தில் உருவாக்குகிற கருவியும் அப்படித்தான். 1966 இல் தொடர் தொடங்கியபோது, ஒவ்வொரு வாரமும் கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாது என்பதற்காகவே அது புகுத்தப்பட்டது. செலவுக் கணக்கில் பிறந்தது பின்னர் விஞ்ஞானமாகிவிட்டது.

இந்த வசதிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆபத்து வந்த கணத்தில் தலைவனை மேலே தூக்கிவிடலாம் என்றால் கதையே இல்லை. ஆகவே வசதியைக் கண்டுபிடித்தவர்களே வாராவாரம் அதைப் பழுதாக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் மின்புயல், ஒரு நாள் பாறையின் கனிமம், ஒரு நாள் எதிரியின் தடுப்புத் திரை. பார்க்கிறவர்களுக்கும் இது தெரியும். கூத்துப் பார்க்கிறவனுக்கு அரசன் எப்போது வரவுக்கு ஆடுவான் என்று தெரிந்திருப்பது போன்ற ஒரு ஒப்பந்தம் இது.

1991 செப்டெம்பர் 30 இல் ஒளிபரப்பான 'டார்மொக்' என்ற பாகம் ('அடுத்த தலைமுறை'யின் ஐந்தாவது பருவத்தில் இரண்டாவது) ஆட்களைத் தூக்கும் கருவியோடு மொழிபெயர்க்கும் கருவியையும் பழுதாக்குகிறது. நான் இதைப் பற்றி எழுத வந்ததற்கு அதுவே காரணம்.

கதை இதுதான். தமாரியர் என்றொரு இனம். (பெயர் ஒற்றுமையில் நான் எதுவும் தேடவில்லை.) நூறு வருடத்தில் ஏழு முறை சந்தித்தும் ஒரு சொல் விளங்கவில்லை. சொற்களைக் கருவி சரியாகவே பெயர்க்கிறது. ஆனால் வருவதெல்லாம் ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும். இன்னார் இன்ன இடத்தில். இன்னார், கைகள் அகல விரிந்தபடி. இன்னார், சுவர்கள் விழுந்தபோது. தமாரியத் தலைவன் டேதொன், கப்டன் பிக்கார்டையும் தன்னையும் ஒரு வெறுங்கிரகத்தில் இறக்கிவிட்டு, கையில் இரண்டு குத்துவாளோடு நிற்கிறான். ஒன்றை எறிகிறான். சண்டைக்கு அழைக்கிறான் என்று நினைத்து பிக்கார்ட் அதைத் திருப்பி எறிகிறார். இரவு குளிருகிறது. இவருக்கு நெருப்பு மூட்ட வரவில்லை. அவன் எரிகிற கொள்ளியொன்றை இவர் பக்கம் எறிகிறான். கைகளை அகல விரித்தவனின் பெயரைச் சொல்லுகிறான். கொடுத்தல் என்பதற்கு அவர்களுடைய சொல் அதுதான் என்று மெல்ல விளங்குகிறது. டார்மொக்கும் ஜலாடும் தனாக்ரா தீவில் அந்நியராகச் சந்தித்து, ஒரு மிருகத்தைச் சேர்ந்து எதிர்த்து, நண்பராகத் திரும்பினார்கள் என்பது அவர்களுடைய பழங்கதை. அந்தக் கதையை வாயால் சொல்ல வழியில்லாததால் டேதொன் அதை நடத்திக் காட்ட வந்திருக்கிறான்.

எழுதியவர் ஜோ மெனொஸ்கி. இயக்கம் வின்ரிக் கோல்பே. டேதொனாக வருகிறவர் போல் வின்ஃபீல்ட். முகம் முழுக்கப் பூச்சு, விளங்காத வசனம், இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய குரலாலும் கண்ணாலும் அவர் செய்திருப்பதைப் பார்த்தே ஆகவேண்டும்.

இதில் ஓட்டை உண்டென்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கதை தெரிந்தால்தான் பெயர் விளங்கும்; பெயரைத் தவிர வேறு மொழி இல்லாவிட்டால் பிள்ளைக்கு முதன்முதலில் கதையைச் சொல்லுவது எப்படி? நியாயமான கேள்வி. எனக்கு அதைவிடச் சில்லறையான கேள்வியொன்று வந்தது. குசினியில் நிற்கிறவனுக்கு வருகிற கேள்வி. ஆறாம் மேசைக்கு இரண்டு மசாலாத் தோசை, ஒன்று வெங்காயம் இல்லாமல் என்பதைத் தமாரியர் எப்படிச் சொல்லுவார்கள்? விண்கப்பல் கட்டத் தெரிந்த சனம் ஆணியின் அளவை எப்படிக் கேட்டிருக்கும்? ஆனால் இந்தக் கேள்விகளால் கதை கெட்டுப்போவதாக எனக்குத் தோன்றவில்லை. இருக்க முடியாத ஒரு மொழியைக் காட்டி, இருக்கிற மொழிகள் எல்லாவற்றிலும் பாதி இப்படித்தான் என்று அது சொல்லுகிறது.

நாங்கள் கதைப்பதைக் கவனித்தால் தெரியும். எண்பத்திமூன்று. வெலிக்கடை. நவாலி. தொண்ணூற்றைந்து. முள்ளிவாய்க்கால். வருடமோ ஊரோ ஒன்றைச் சொன்னால் போதும், வினைச்சொல் தேவையில்லை. "அது தொண்ணூற்றைந்து மாதிரி" என்று ஒருவர் சொன்னால், ஒக்டோபர் 30 இரவு, மழை, செம்மணி வீதி, நகராத சனம் எல்லாம் கேட்பவருக்குள் வந்துவிடுகிறது. எனக்கு அப்போது நினைவு நிற்கிற வயதில்லை. ஆனாலும் வருகிறது. வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லியே கதையை எனக்குள் இறக்கிவிட்டார்கள். (அந்தப் பிள்ளைக் கேள்விக்கு இது ஒரு பதிலாக இருக்கலாம்.)

இந்த நாட்டில் அகதி அந்தஸ்துக் கேட்கிறவர் நிரப்புகிற ஐ-589 படிவம் இதற்கு நேர் எதிரான கதைசொல்லலைக் கேட்கிறது. என்ன நடந்தது, எப்போது, யார் செய்தார், ஏன் செய்தார் என்று நம்புகிறீர், விபரமாக எழுதுக. ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு மௌனமாக இருக்க அதில் இடமில்லை. அதுவும் ஒரு கதை மரபுதான். தொலைக்காட்சிக்காரரின் ஐந்து அங்க மரபைப் போலவே இறுக்கமானது: தொடக்கம், காரணம், வளர்ச்சி, ஆபத்து, தப்புதல். எம்மில் பலர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு முழுக்கதை சொன்னது அந்தப் படிவத்துக்காகத்தான்.

எமது பழைய இலக்கியத்திலும் இடத்தைச் சொல்லி உணர்வைச் சொல்லுகிற முறை உண்டு. குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிவு, நெய்தல் என்றால் இரங்கல். பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட படிப்பில் என்னிடம் மிஞ்சியவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் அகத்திணையில் ஒருவருடைய பெயரையும் சொல்லக் கூடாதென்பது தொல்காப்பியர் விதி. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவே. தமாரியர் பெயரால் பேசுகிறார்கள். அகம் பெயரை விலக்கிப் பேசுகிறது. 1967 இல் ஏ. கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது திணை விளக்கத்தைப் பின்னுரையில் வைத்தார். பின்னுரைக்கு முன்னரே பாட்டு அமெரிக்க வாசகனிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெயரில்லாததால் போகிறது. நவாலி அப்படிப் போகாது. 1995 ஜூலை 9 என்று தொடங்கி, தேவாலயம், தஞ்சம் புகுந்த சனம், விமானம் என்று ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும்.

ஊர்ப்பெயரை நம்பக்கூடாதென்பதற்கு நானிருக்கிற ஊரே சாட்சி. டலஸுக்கு வடக்கே உள்ள இந்த ஃபிரிஸ்கோவுக்குப் பெயர் கொடுத்தது செயின்ற் லூயிஸ்–சான் பிரான்சிஸ்கோ ரயில் கம்பனி. அந்த ரயில்பாதை சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சேரவேயில்லை. ஸ்ரார் ட்ரெக்கில் விண்படைத் தலைமையகம் இருப்பது அந்த மற்ற ஊரில். தொடரை உருவாக்கிய ஜீன் றொடன்பெரி பிறந்தது என்னவோ இந்த ரெக்ஸாஸின் எல் பாசோவில்.

இனி எனக்குள்ள மனக்குறை. தமாரிய மொழிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: எல்லோருக்கும் ஒரே கதைகள் தெரிந்திருக்க வேண்டும், ஒரே மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். கதை இதைக் கேள்விக்குள்ளாக்குவதில்லை. தமாரியருக்குள் அந்தக் கதையில் இடமில்லாதவர் ஒருவரும் இல்லையா? 'ஒக்டோபர்' என்று நாங்கள் சொன்னால் தொண்ணூற்றைந்து. யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவர் சொன்னால் தொண்ணூறு. இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டுப் போகச் சொல்லி வடக்கிலிருந்து அவர்களைப் புலிகள் துரத்திய மாதம். ஒரே தமிழ், ஒரே சொல், இரண்டு தனாக்ரா. எமது பேச்சில் இரண்டாவது ஒக்டோபர் எத்தனை பேருக்குத் தானாக வருகிறது? பெயரால் பேசுகிற சமூகம் தனக்குத் தெரியாததைக் கேட்பதில்லை. பெயரைச் சொன்னதும் விளங்கிவிட்டதென்று தலையாட்டிக் கொள்ளுகிறது.

இன்னொன்று, மற்றமையைச் சந்திக்கிற சாகசக் கதைகளின் மிகப் பழைய மரபு: பாடம் சொல்லித் தருகிற அந்நியன் இறந்துபோவான். மிருகம் பாய்கிற கணத்தில் கப்பலிலிருந்தவர்கள் பிக்கார்டைத் தூக்க முயல்கிறார்கள். அவர் பாதி கரைந்தபடி நிற்க, டேதொன் தனியாக அகப்படுகிறான். காப்பாற்றுகிற கருவியே அவனைக் கொல்லுகிறது என்று நான் வாசிக்கிறேன். கதை அதைச் சொல்லாமல் கடந்துபோகிறது. பிறகு சாகிறவனுக்குப் பக்கத்திலிருந்து பிக்கார்ட் கில்காமெஷின் கதையைச் சொல்லுகிறார். முழுத் தொடரிலும் இதற்கு ஈடான காட்சிகள் குறைவு. இரண்டு பேர், ஒரு நெருப்பு, ஒருவர் கதை சொல்ல மற்றவர் விளங்காமலே கேட்கிறார். உருக் நகரம் இருந்தது இன்றைய ஈராக்கில். அதே வருடம் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அந்த நாட்டின் மேல் குண்டு போட்ட நாட்டின் தொலைக்காட்சியில் உருக்கின் கதை சொல்லப்பட்டது. வேண்டுமென்று செய்ததா, தற்செயலா, இரண்டும் எனக்குச் சம்மதம்.

கடைசியில் தமாரியரின் உபதலைவன் பிக்கார்டோடு சமாதானமாகி, நடந்ததற்கு ஒரு பெயர் வைக்கிறான்: பிக்கார்டும் டேதொனும் எல்-அட்ரெலில். அகராதியில் ஒரு புதுச்சொல். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். செத்தவனுடைய சொந்த ஆள், செத்தவனுடைய மொழியில், உயிரோடு திரும்பியவனின் பெயரை முதலில் வைக்கிறான். வசனம் எழுதியவர் யோசித்து வைத்திருக்க மாட்டார். தொடரின் நாயகன் முன்னே வருவது பழக்கம். எனக்கென்றால் அந்த 'உம்' உறுத்துகிறது. டார்மொக்கும் ஜலாடும் இருவராகவே தீவைவிட்டுப் போனார்கள். எல்-அட்ரெலில் ஒருவர்தான் போனார். நாளைக்கு ஒரு தமாரியப் பிள்ளை இந்தச் சொல்லைச் சொன்னால் அது நட்பா, இழப்பா? அதைத் தீர்மானிக்கக் கதைக்கு நேரமில்லை. பிக்கார்ட் தன் அறையில் பழைய கிரேக்கத் துதிப்பாடல்களை விரித்து வைத்திருப்பதோடு பாகம் முடிந்து, அடுத்த வாரம் இன்னொரு கிரகம். நிலையங்கள் மறுஒளிபரப்பில் எந்த வரிசையிலும் போடலாம் என்பதற்காக, ஒவ்வொரு வாரமும் நடந்ததைத் துடைத்து வைப்பது அந்நாளைய வியாபார ஒழுங்கு. ஒரு இனத்தின் மொழியே திறக்கப்பட்டாலும் துடைக்கத்தான் வேண்டும்.

தமாரியர் திரும்பி வர முப்பது வருடம் சென்றது. 2021 ஓகஸ்ட்டில் 'லோவர் டெக்ஸ்' என்ற பகிடிக் கார்ட்டூன் தொடரில் கேய்ஷொன் என்றொருவன் விண்படைக் கப்பலில் பாதுகாப்பு அதிகாரியாக வந்தான். சீருடை போட்டிருக்கிறான். பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே கதைக்கிறான், இடையிடையே பழைய பெயர்கள் வந்து விழுகின்றன. வந்த பாகத்திலேயே அவனை ஒரு பொம்மையாக மாற்றிவிடுகிறார்கள், சிரிப்புக்கு. விமர்சகர்கள் அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லைத்தான். ஆனால் நாள் முழுவதும் மற்றவர்களுடைய மொழியில் வேலை செய்து, அவசரத்தில் வாய்தவறித் தன் ஊர்ப்பெயரைச் சொல்லிவிடுகிற இந்த ஆளை எமது குசினிகளில் எவருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.