ராத்திரி 2 மணி மொய்

2006-ல் ஒரு தடவை தவளக்குப்பத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். பாண்டிச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டினால் வருமே, அந்தத் தவளக்குப்பம். ராத்திரி சரியாக 2 மணிக்கு அலாரம் அடித்தது. பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் எழுந்து, பாதிக் கண்ணோடு கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, திரும்பப் படுத்துக்கொண்டான். பையன் படிக்கத்தான் எழுந்தான் என்று அக்கா இன்றுவரை நம்புகிறாள்.

விஷயம் இதுதான். பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் அப்போது ஒரு திட்டம். ராத்திரி 2 முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. வேகம் 256 கேபிபிஎஸ். பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 32 கிலோபைட், ஆறு மணி நேரத்துக்கு சுமார் 690 எம்பி. ஒரு சிடி. பையன் இறக்கிக்கொண்டிருந்ததோ ஒரு முழு டிவிடியை அடைத்துக்கொள்ளும் கார் ரேஸ் விளையாட்டு, 4.7 ஜிபி. ஏழு ராத்திரி! வாரம் பூரா அலாரம்.

"கடையில வாங்கேண்டா" என்றேன்.

"ஆயிரம் ரூபா சொல்றான் மாமா. நீங்க தர்றீங்களா?"

நான் புரண்டு படுத்துக்கொண்டேன்.

அவன் பயன்படுத்தியது பிட்டோரண்ட். பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001-ல் எழுதிய சங்கதி. ரேஷன் கடையில் கூட்டம் கூடினால் க்யூ நீளும். இதில் கூட்டம் கூடினால் வேகம் கூடும். கோப்பைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்திருப்பார்கள். உங்களிடம் இருக்கும் துண்டை எனக்குத் தருவீர்கள், என்னிடம் இருப்பதை நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். யாரிடமும் அதிகம் இல்லாத துண்டு எதுவோ, அதற்குத்தான் முதல் மரியாதை. கொடுக்கிறவனுக்கே கிடைக்கும் என்பது ஏற்பாடு. நம்ம ஊர் மொய்க் கணக்கேதான். வாங்கியது நோட்டில் இருக்கும், திருப்பிச் செய்தாக வேண்டும். முழுசாக இறக்கிய பிறகும் மற்றவர்களுக்காகத் திறந்து வைத்திருப்பவன் சீடர். வாங்கிக்கொண்டு ஓடிப்போகிறவன் லீச்சர், அதாவது அட்டை.

எங்கள் வீட்டுப் பிள்ளை அட்டை. எட்டு மணி அடித்தால் மீட்டர் ஓடும் என்று மோடத்தையே பிடுங்கிவிடுவான். ஏழாம் நாள் விளையாட்டு வந்து சேர்ந்ததும் டோரண்டுக்கே தலைமுழுக்கு. பிரேசிலிலோ ஸ்வீடனிலோ யாரோ ஒருத்தன் தன் வீட்டுக் கரண்டில் ராப்பகலாகத் திறந்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதாமல் எழுந்து வந்துவிட்டான். எனக்கு அவன் மேல் இருந்த கோபம் அதுதான்.

அந்தக் கோபம் சரிதானா என்று பிறகு யோசித்தபோது கொஞ்சம் தடுமாறிப் போனேன். 'நான் டவுன்லோடு மட்டும்தான் பண்ணினேன்' என்று டோரண்டில் யாரும் சொல்ல முடியாது. இறங்கும்போதே ஏறிக்கொண்டும் இருக்கும். அதாவது வாங்குகிறவனே விநியோகஸ்தன். நமது 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினாலே 7 நாள் முதல் 3 வருடம் வரை உள்ளே போகலாம். பரப்பினால் ஆறு மாதத்தில் ஆரம்பித்து மூன்று வருடம். ஆக, ஒழுங்காக மொய் செய்கிற நல்லவன் சட்டத்தின் முன் பெரிய குற்றவாளி. அட்டைதான் சின்னக் குற்றவாளி! இந்த ஐந்தொகையை எந்த ஆடிட்டர் டாலி பண்ணுவார்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி எண் இருப்பதால் வழியில் யாரும் கலப்படம் செய்ய முடியாது என்பார்கள். உண்மை. ஆனால் அண்டாவிலேயே கலந்துவிட்டால்? போட்டவன் வைரஸோடு போட்டால், அந்த வைரஸும் ஒரு பிட் குறையாமல் பத்திரமாக வந்து சேரும். பந்தியில் பரிமாறியது சரி, சமையலுக்கு யார் பொறுப்பு?

இதைச் சொல்வதால் தடை போட்டவர்கள் புத்திசாலிகள் என்று அர்த்தமில்லை. 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத ஆட்களுக்கு எதிராக ஓர் உத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டி இன்டர்நெட் கம்பெனிகள் பைரேட் பே-யை மட்டுமல்ல, குறும்படக்காரர்கள் படம் போட்டு வைத்திருந்த விமியோவையும் சேர்த்து மூடின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றமே பிறகு விளக்க வேண்டி வந்தது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தியவர்களின் கதை. லினக்ஸ் போன்ற இலவச மென்பொருட்கள் முறைப்படி டோரண்டில்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் திருத்தங்களை அதன் கம்பெனியே இதே முறையில்தான் அனுப்பியது. விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட்டும் அப்டேட்களைப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து வாங்கிக்கொள்ள வழி செய்தது. முள்ளோடை செக்போஸ்ட்டில் மடக்குவது எந்தப் பாட்டில் என்று பார்த்துத்தானே? பாண்டிச்சேரியிலிருந்து வருகிற பஸ் அத்தனையையும் கொளுத்துவதில்லையே.

திருட்டைக் குறைத்ததில் பெரிய பங்கு வசதிக்கும் விலைக்கும்தான் என்பது என் கட்சி. 2003-ல் ஆரம்பித்த ஸ்டீம் கடை, 2015-ல் இந்தியாவுக்கு ரூபாயில் விலை போட்டது. அடுத்த வருடம் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது. தள்ளுபடி நாளில் சினிமா டிக்கெட் காசுக்கு நல்ல விளையாட்டு கிடைத்தால், வைரஸ் பயத்தோடு எவன் ராத்திரி முழிப்பான்? ஆனால் இதிலும் ஒரு குறை. டிவிடி வாங்கினால் தம்பிக்குக் கொடுக்கலாம், பழைய கடையில் போடலாம். இன்று காசு கொடுத்து வாங்குவது விளையாடும் உரிமத்தை மட்டும்தான். கைமாற்ற முடியாது. நல்ல பிள்ளையாகக் காசு கட்டியவனுக்கு, திருடியவனைவிடக் குறைவான சுதந்திரம்! விளையாட்டுக் கம்பெனிகள் இதற்கு இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

போன முறை தவளக்குப்பம் போனபோது பையனுக்குச் சொந்தச் சம்பளம், சொந்த வீடு, முன்தலையில் கொஞ்சம் வழுக்கை. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, 100 ஜிபி. இணைப்பு 100 எம்பிபிஎஸ். இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிடும்.

"இப்பவே போடேன்" என்றேன், சாயங்காலம் ஆறு மணிக்கு.

"இல்ல மாமா, ராத்திரி போட்டுக்கறேன். எப்படியும் 2 மணிக்கு முழிப்பு வந்துடும்."