கலை அறிவியல் கல்லூரியில் கணினிப் பட்டம்: பாடத்திட்டமும் செய்முறைத் தேர்வும்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் கணினிப் படிப்பு பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.எஸ்சி. தகவல் தொழில்நுட்பம் என்று பெரும்பாலும் மூன்று பெயர்களில் நடக்கிறது. பெயரில் உள்ள வேறுபாடு பாடங்களில் அவ்வளவாக இல்லை. மூன்றும் மூன்றாண்டு, ஆறு பருவம். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், துணைப்பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ, நான்காம் ஐந்தாம் பகுதிகளில் சுற்றுச்சூழல் கல்வியும் என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணியும். முதன்மைப் பாடங்கள் சி அல்லது பைத்தானில் தொடங்கி, தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு, ஜாவா, இணையப் பக்க வடிவமைப்பு என்று போய், ஆறாம் பருவத்தில் ஒரு ப்ராஜெக்ட்டோடு முடிகின்றன.

இந்தப் படிப்புக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகக் கணிதத் துறை: பல கல்லூரிகளில் கணினித் துறையின் முதல் ஆசிரியர்கள் கணிதத்திலிருந்து வந்தவர்கள். மற்றொன்று கம்ப்யூட்டர் சென்டர். 1981-இல் என்.ஐ.ஐ.டி.யும் 1986-இல் ஆப்டெக்கும் தொடங்கிய பிறகு, 1990-களில் சிறு நகரங்களிலும் தெருவுக்கொரு சென்டர் முளைத்தது. அங்கே விலைபோன விஷுவல் பேசிக், ஜாவா, வெப் டிசைன் எல்லாம் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்தன. ஒருபுறம் காலத்தால் தேயாத கோட்பாடு, மறுபுறம் ஐந்தாண்டில் பழசாகிவிடும் கருவி. இந்தக் கலவைதான் இன்றுவரை பட்டத்தின் பலமும் பலவீனமும்.

பலத்தில் முதலில் சொல்ல வேண்டியது, யார் உள்ளே வர முடிகிறது என்பது. நுழைவுத் தேர்வு கிடையாது. 12-ஆம் வகுப்பு மதிப்பெண் போதும். அரசுக் கல்லூரியிலும் உதவி பெறும் கல்லூரியிலும் கட்டணம், பொறியியல் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பேருந்தில் போய்வரும் தொலைவில் கல்லூரி இருப்பதால், விடுதிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளிலிருந்தும் பெண்கள் வந்து படிக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் மாணவிக்குக் கணினித் துறையின் கதவைத் திறந்துவிடும் பணியை வேறெந்த ஏற்பாடும் இவ்வளவு பரவலாகச் செய்யவில்லை. அவள் பின்னாளில் டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம், பி.எட். படித்துப் பள்ளிக்குப் போகலாம். பட்டம் எல்லாவற்றுக்கும் செல்லும்.

நிறுவனங்களும் இதைக் கவனித்தே வந்திருக்கின்றன. அறிவியல் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, வேலையோடு சேர்த்தே முதுநிலைப் படிப்பும் தரும் திட்டத்தை விப்ரோ 1995-இலேயே பிட்ஸ் பிலானியுடன் சேர்ந்து தொடங்கியது. ஆனால் இத்தகைய திட்டம் எதுவாயினும் வேலைக்கு எடுத்தவர்களுக்கு முதலில் சில மாதப் பயிற்சி தருவது வழக்கம். மூன்றாண்டு படித்த நிரலாக்கத்தை மறுபடி அடியிலிருந்து சொல்லித்தர நேர்கிறது. ஏன் என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், ‘பாடத்திட்டம் பழசு’ என்பது. அது பாதி உண்மைதான். பாடத்திட்டத்தைவிடச் செய்முறைத் தேர்வின் வடிவமே பெரிய காரணம்.

செய்முறைப் பாடம் நடக்கும் முறையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிரல்கள் கொண்ட பட்டியல் ஒன்று வரும். மாணவர் அதை அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, லேபில் ஓட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கி, ரெக்கார்டு நோட்டில் நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்ற தலைப்புகளில் அழகாகப் படியெடுக்க வேண்டும். பருவ முடிவில் வெளிக்கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். பட்டியலில் உள்ள நிரல்கள் சீட்டில் இருக்கும். எடுத்த சீட்டில் வந்ததை முதலில் விடைத்தாளில் எழுதி, பிறகு கணினியில் அமர்ந்து ஓட்டிக் காட்டி, வைவா கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இந்த முறை வெறும் சடங்காகப் பிறந்ததல்ல. ஒரு கணினியை மூன்று நான்கு பேர் பங்குபோட்ட காலத்தில், எழுதிச் சரிபார்த்த நிரலோடு இருக்கைக்கு வருவது எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்தியது. மாறிகளின் மதிப்பைத் தாளில் வரி வரியாகப் பின்தொடர்வது இன்றும் நல்ல பயிற்சியே. சீட்டுக் குலுக்கல் சலுகைக்கு இடம் தராது. வெளித்தேர்வாளர் இருப்பதால் உள்ளூர் விருப்பு வெறுப்பும் மட்டுப்படும். நூற்றுக்கணக்கான கல்லூரிகளை ஒரே அளவுகோலில் நிறுத்த வேண்டிய பல்கலைக்கழகத்துக்கு இதைவிட எளிய வழி கிடைப்பது அரிது.

விலை வேறிடத்தில் கொடுக்கப்படுகிறது. நிரலாளரின் வேலைநாளில் பெரும்பகுதி பிழை தேடுவதிலும், பிறர் எழுதியதைப் படிப்பதிலும், இருப்பதை மாற்றுவதிலும் கழிகிறது. ரெக்கார்டு நோட்டில் இவை மூன்றுக்கும் இடமில்லை. அங்கே சரியான நிரலும் சரியான வெளியீடும் மட்டுமே உண்டு. பிழைச்செய்தி ஒன்று வந்தது, அதைப் படித்து இந்த வரியைத் திருத்தினேன் என்று எழுதினால், எந்தக் கட்டத்தில் அதற்கு மதிப்பெண் போடுவது என்று ஆசிரியருக்கே தெரியாது. பட்டியல் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் பத்து நிரல்களை மனப்பாடம் செய்வதுதான் அறிவுள்ள மாணவர் செய்யக்கூடிய காரியம். அரைப்புள்ளி விட்டுப்போனால் கணினி திட்டும், அதற்குமேல் ஆபத்தில்லை.

பழைய கருவிகள் இத்தனை காலம் நீடித்ததற்கும் இதுவே காரணம். போர்லாண்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட டர்போ சி++ நீலத்திரையை, அதன் பின் பிறந்த மாணவர்களும் லேபில் பார்த்து வளர்ந்தார்கள். 64-பிட் விண்டோஸில் அது தானாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற போலிச்சூழல் மென்பொருளுக்குள் வைத்து ஓட்டினார்கள். சி++ மொழிக்கு 1998-இல் சர்வதேசத் தரம் வந்து தலைப்புக் கோப்புகளின் பெயரே மாறிய பிறகும், ரெக்கார்டில் பழைய பெயர்களே தொடர்ந்தன. பட்டியலில் தவறாமல் இருக்கும் காரணியப் பெருக்க (ஃபேக்டோரியல்) நிரல் இதற்கு நல்ல சான்று. 5 என்று உள்ளீடு கொடுத்தால் 120 வரும். அதுதான் ரெக்கார்டில் இருக்கும் வெளியீடு. 7 கொடுத்தால் 5040, அதுவும் சரி. 8 கொடுத்தால் 40320 வர வேண்டிய இடத்தில் −25216 வரும். டர்போ சி++-இல் முழுஎண்ணுக்கு 16 பிட் இடம்தான், 32767-க்கு மேல் கொள்ளாது. நினைவகத்தில் எண் எப்படி இருக்கிறது, குறியீட்டு பிட் என்றால் என்ன, வழிதல் எப்படி நேர்கிறது என்று ஒரு வாரத்துக்குப் பேசக்கூடிய பாடம் அந்த ஒற்றை எதிர்மறை எண்ணில் இருக்கிறது. ரெக்கார்டு 5-உடன் நின்றுவிடுவதால் 8-ஐக் கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இணையப் பக்க வடிவமைப்புத் தாளின் கதை சற்று வேறு. இந்தப் பட்டத்திலேயே மாணவரை உடனே ஈர்ப்பது இதுதான். கறுப்புத் திரையில் எண்களை மட்டும் கண்ட கண்ணுக்கு, தான் எழுதிய நான்கு வரியில் தலைப்பும் படமும் வண்ணமும் தோன்றுவது சின்ன விஷயமில்லை. வகுப்பு அட்டவணையைப் பக்கமாக்கு என்ற பயிற்சி அநேகமாக எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. உணவு இடைவேளைக்கான கட்டம் ஐந்து நாள்களையும் ஒன்றாக இணைத்து நெடுக்காக இறங்க வேண்டும். அதைச் சரியாகச் செய்பவர், ஆவணத்தின் அமைப்பும் அதன் தோற்றமும் எப்படிப் பிரிகின்றன என்பதைத் தொட்டுப் பார்த்துவிடுகிறார்.

ஆனால் அந்தப் பக்கம் டி டிரைவைத் தாண்டிப் போவதில்லை. சர்வர் என்றால் என்ன என்பது தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா. பக்கத்தை ஒரு சர்வரில் ஏற்றி, முகவரி பெற்று, வேறொருவர் திறந்து பார்ப்பது செய்முறையில் இல்லை. எழுத்தை ஓடவிடும் மார்க்கீயும், நிறத்தையும் அளவையும் பக்கத்துக்குள்ளேயே திணிக்கும் ஃபான்ட் குறிச்சொல்லும், ஃப்ரேம்களும் 2014-இல் ஹெச்.டி.எம்.எல்.5 தரம் வந்தபோதே வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டன. பல ரெக்கார்டுகளில் அவற்றுக்கு ஆயுள் இன்னும் முடியவில்லை. திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கம் என்ற கருத்துக்கு வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்காட் 2010-இலேயே பெயர் சூட்டினார். அதற்குத் தேவையான சி.எஸ்.எஸ். மீடியா வினவல் 2012-இல் தரமாயிற்று. இணையத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கும் நாட்டில், கைப்பேசியில் திறந்தால் வலப்பக்கம் வெட்டுப்படும் அட்டவணைக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படத்தை எப்படிச் சொல்லும் என்ற கேள்வி எழுவதே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு வடிவத் தகவலும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. படத்துக்கு மாற்றுவரி எழுதுவது அரைநிமிட வேலை, அதற்கு மதிப்பெண் வைத்தால் எல்லோரும் எழுதுவார்கள்.

இன்னொரு இல்லாமை கண்ணுக்கு எளிதில் படாது. பகுதி 1-இல் தமிழ் இருக்கிறது, பகுதி 3-இல் கணினி இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. பட்டியலில் தவறாமல் இடம்பெறும் மற்றொரு நிரல், ஒரு சொல் முன்னும் பின்னும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது. உள்ளீடாக ‘மேடம்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுப்பார்கள், ஆம் என்று விடை வரும். அதே நிரலைப் பைத்தானில் எழுதி ‘விகடகவி’ என்று கொடுத்தால், இல்லை என்கிறது. தமிழில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சொல்லையே கணினி மறுப்பதற்குக் காரணம் யூனிகோடு. ‘வி’ என்பது வாசிப்பவருக்கு ஓர் எழுத்து. கணினிக்கு வகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். திருப்பிப்போட்டால் இகரக் குறி முன்னால் வந்து நின்றுவிடுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டாலும் 3 என்று வராமல் 5 என்று வரும், யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட் ஆகும். உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னுள்ள மெய்யோடு ஒட்டவைத்துவிட்டு அதன்பிறகு திருப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கும் மாணவர், குறியாக்கத்தையும் சரத்தையும் ஒரே மாலையில் புரிந்துகொள்வார். தமிழ்வழியில் பள்ளி முடித்து, வகுப்பில் தமிழில் விளக்கம் கேட்டு, தேர்வில் ஆங்கிலத்தில் எழுதப் போராடும் மாணவருக்கு இதைவிடச் சொந்தமான பயிற்சி கிடைக்காது. தமிழில் ஒரு முழுப் பக்கம்கூட அமைக்காமல் வெப் டிசைன் தாளில் தேறிவிட முடிவது விசித்திரம்தான்.

ஆறாம் பருவ ப்ராஜெக்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூலக மேலாண்மை, ஆன்லைன் ஷாப்பிங், மாணவர் விவரம் என்று தலைப்புகள் ஆண்டுதோறும் சுற்றி வருகின்றன. ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் நிரல், அறிக்கை, வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் ஒரே கட்டாகக் கிடைக்கும். கல்லூரி நூலகத்தின் இரவல் பதிவேடு காகிதத்தில் இருக்கும்போதே நூலக மென்பொருள் ப்ராஜெக்ட் ஒவ்வோராண்டும் சமர்ப்பிக்கப்படுவதும் உண்டு. உண்மையான பயனர் ஒருவர் குறை சொல்லி, அதற்காகத் தரவுத்தள அட்டவணையைப் பிரித்து எழுதிய அனுபவம் வாய்ப்பவர் மிகச் சிலரே.

ஆசிரியர்மேல் பழி போடுவது எளிது. ஐம்பது அறுபது பேர் வகுப்பில், ஒவ்வொருவரின் நோட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு, அடுத்த பணியிடம் உறுதியில்லாத கௌரவ விரிவுரையாளராகவோ சுயநிதிப் பிரிவின் சொற்பச் சம்பளத்திலோ இருப்பவர், மாணவர் தலைக்கு ஒரு புதிய பயிற்சி தயாரிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பட்டியல் முறை அவரையும் காப்பாற்றுகிறது.

மாற்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் பள்ளிகள். பள்ளிப்படிப்பு முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, பட்டமின்றியே பயிற்றுவித்து, நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்க்கிறார்கள். பிழை தேடவும் பிறர் நிரலைப் படிக்கவும் அங்கே பழக்க முடிகிறது, ஏனெனில் அடுத்த அறையில் உண்மையான மென்பொருள் உருவாகிறது. ஆனால் அந்த ஏற்பாடு தேர்ந்தெடுத்த சிலருக்கு, ஒரு நிறுவனத்தின் தேவைக்காக நடப்பது. வந்தவர்க்கெல்லாம் இடம் கொடுக்கும் கல்லூரியை அதோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமாகாது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, மதிப்பெண்ணுக்குப் பதில் வேலைசெய்யும் பொருளைப் பார்த்து மாணவரை மதிப்பிடும் வழக்கம்.

அண்மைச் சீர்திருத்தங்கள் பெரும்பாலும் பாடத்தின் உள்ளடக்கத்தையே தொடுகின்றன. 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் 2019 முதல் பைத்தானுக்கு மாறியது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் படிப்புகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் 2023-இல் வந்தது. 2024-25 முதல் பி.சி.ஏ., அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) வரம்புக்குள் வந்துவிட்டது. எல்லாம் நல்லதே. டர்போ திரையும் இதனால் மெல்ல மறைகிறது. ஆனால் பைத்தானிலும் பத்து நிரல் பட்டியல் போட்டுச் சீட்டுக் குலுக்கினால், மனப்பாடம் மொழியை மட்டுமே மாற்றிக்கொள்ளும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போய்விட்டது. பட்டியலில் உள்ள எந்த நிரலையும் அது நொடியில் எழுதித் தரும். ரெக்கார்டும் ப்ராஜெக்ட் அறிக்கையும் இனி எதையும் நிரூபிக்காது. எழுதிய நிரலில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கருவியால் பயன். அதாவது, தேர்வு இதுவரை கேட்காத திறமைக்கே மதிப்புக் கூடியிருக்கிறது.

தேர்வை மாற்றப் புதிய கணினியோ கட்டடமோ வேண்டாம். சீட்டில் நிரலின் தலைப்புக்குப் பதில் மூன்று பிழைகளோடு ஓடாமல் நிற்கும் நிரல் ஒன்றைக் கொடுக்கலாம். ரெக்கார்டில் உள்ளதையே எடுத்து 8-க்கும் 13-க்கும் சரியான விடை வரும்படி மாற்றச் சொல்லலாம். வெப் டிசைன் தேர்வில் தேர்வாளர் தன் கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். வைவாவில் ப்ராஜெக்ட்டின் ஒரு விதியை அங்கேயே மாற்றிக் காட்டச் சொன்னால், சென்டரில் வாங்கியதா சொந்தமா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இவற்றைக் கொண்டுவரப் பாடத்திட்டக் குழுவின் தீர்மானமும் கல்விக் குழுவின் ஒப்புதலும் போதும். இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் அடுத்த திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.