மனத்தில் உள்ள படமும் கண்முன் உள்ள காட்சியும்

இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு மூத்த கலைஞர்கள் பலர் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: எந்தப் படம் வேண்டும் என்று முன்பே முடிவுகட்டிக்கொண்டு போகாதீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால், எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அது பிரித்துச் சொல்வதில்லை. மனத்தில் வரைந்துவைத்திருக்கும் படத்தைத்தான் கைவிட வேண்டும். இடத்தையும் ஒளியையும் கருவியையும் பற்றிய அறிவைக் கைவிட்டால் நஷ்டம் நமக்கே.

முன்முடிவு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவைப் பார்த்தால் போதும். அங்கே எல் கேப்பிட்டன் பாறையின் கிழக்கு முகத்தில் ஹார்ஸ்டெயில் என்ற சிற்றருவி விழுகிறது. பிப்ரவரியின் பிற்பகுதியில், மேற்கு வானம் தெளிந்திருந்து அருவியில் நீரும் இருந்தால், அந்திவெயில் பட்டுச் சில நிமிடங்களுக்கு அது நெருப்பு ஒழுகுவதுபோல் ஒளிரும். புகைப்படக் கலைஞர் கேலன் ரோவல் 1973இல் எடுத்த படம் அந்த அருவியைப் புகழ்பெறச் செய்தது. இன்று அந்த நாட்களில் கூட்டம் நெரிகிறது; ஆற்றங்கரைச் செடிகள் மிதிபட்டதால் பூங்கா நிர்வாகம் கட்டுப்பாடுகள் விதிக்க நேர்ந்தது. வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது ஏற்கெனவே பார்த்த அதே படம். மேகம் மறைத்துவிட்டால் அன்றைய பொழுது வீண் என்று முக்காலியை மடக்கிவிடுகிறார்கள். பாறைமேல் மேகம் நகர்வதும் ஒரு காட்சிதான் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. மனத்தில் இருக்கும் படத்தோடு ஒத்துப்போகாத எதையும் கண் தள்ளிவிடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படத்தை முதலில் மனத்தில் காண வேண்டும் என்று வற்புறுத்தியவர் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ். 1927 ஏப்ரலில் அதே யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையின் முன் நின்றபோது அவரிடம் இரண்டே கண்ணாடித் தகடுகள் மிச்சமிருந்தன. ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். அந்தப் பாறையின் கம்பீரம் அதில் வராது என்று உணர்ந்து, அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டிக் கடைசித் தகட்டில் வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினார். அப்படியானால் முன்முடிவுதானே வென்றது என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கற்பனை வீட்டிலிருந்து சுமந்துவந்ததல்ல. பாறையைக் கண்முன் பார்த்து, அதனால் கிளர்ந்தது. 1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் அவர் எடுத்த நிலவுப் படம் இதை இன்னும் தெளிவாக்கும். சாமா பள்ளத்தாக்கில் நினைத்த படங்கள் அமையாமல் திரும்பும் வழியில், கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயிலையும் மேலே நிலவையும் கண்டு காரை நிறுத்தினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வர, அதைக்கொண்டே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். இரண்டாவது நெகட்டிவ் எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. அந்தப் படம் அவர் திட்டத்தில் இல்லை. கணக்கு மட்டும் தலையில் இருந்தது.

மனத்தைக் காலியாக வைத்துக்கொள் என்ற பேச்சு சறுக்குவதும் இங்கேதான். அறிவில்லாத மனம் காலியாக இருப்பதில்லை. பழக்கம் வந்து அதை நிரப்பிவிடுகிறது. ஆயத்தமில்லாமல் போகிறவர் கண்மட்டத்தில் நின்று, எல்லாரும் எடுக்கும் அஸ்தமனத்தையே எடுத்துத் திரும்புகிறார். 1981இல் திபெத்தில், லாசாவின் பொட்டாலா அரண்மனை அருகே வானவில்லைக் கண்ட ரோவல், அது அரண்மனையின் மேல் வந்து பொருந்தும் இடத்தைத் தேடி ஓடினார். பார்ப்பவர் நகர்ந்தால் வானவில்லும் நகரும் என்ற ஒளியியல் தெரியாதவர், நின்ற இடத்திலிருந்தே எடுத்துத் திருப்திப்பட்டிருப்பார்.

படத்தை முன்பே முடிவுகட்டாமல் போகும் இந்த முறைக்கு எல்லையும் உண்டு. 1970களின் இறுதியில் புகைப்படக் கலைஞர் மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும், 19ஆம் நூற்றாண்டு நில அளவைப் படங்கள் எடுக்கப்பட்ட இடங்களுக்கே போய், அதே கோணத்தில் மீண்டும் எடுத்தார்கள். அங்கே முன்கூட்டியே வகுத்த சட்டகம்தான் ஆய்வின் உயிர். அதை விட்டால் ஒப்பீடே இல்லை. ஒரே நாள் விடுப்பில் போகிறவரும் திட்டமில்லாமல் போக முடியாது. ஆனால் எங்கே, எப்போது போவது என்ற திட்டம் வேறு, என்ன கிடைத்தாக வேண்டும் என்ற பிடிவாதம் வேறு. ஆகவே சூரியன் மறையும் திசையையும் உங்கள் லென்ஸின் குணத்தையும் கிளம்பும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்தபின் கேமராவை எடுக்குமுன் சுற்றிலும் பாருங்கள். எதிர்பார்த்தது இல்லையென்றால், அங்கே இருப்பதை எடுங்கள்.