கடைசற் கலையும் கடைவோன் வாழ்வும்

கைவினை பற்றி எழுதுவோருட் பலர் பொருளை வியந்து, அதனைச் செய்தவனை மறந்துவிடுகின்றனர். 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அத்தகையவரல்லர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், அரக்குவேலை முதலிய தொழில்களின் செய்முறையோடு கைவினைஞரின் சமுதாய நிலையையும் ஆராய்ந்தது. அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அவர் கண்ட முடிவை அப்படியே ஏற்றல் இயலாது.

கண்டி இராச்சியத்திலே கைவினைஞன் அரசனுக்கோ கோயிலுக்கோ ஊழியஞ் செய்து, அதற்கீடாக நிலம் பெற்றான். அந்தப் பாதுகாப்பிலேயே கலை செழித்தது என்பது குமாரசுவாமியின் நோக்கு. வணிகப் போட்டி கைவினையைச் சிதைத்தது என்று அவர் கூறுவதில் உண்மையுண்டு. ஆனால் அந்நிலம் சாதியோடு பிணைந்திருந்தது. தச்சன் மகன் தச்சனாகவே இருக்கவேண்டியிருந்தது. கட்டாய அரச ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டதை இழப்பாக மட்டும் எவ்வாறு கொள்ளமுடியும்?

இன்றும் வாழும் ஒரு தொழிலைக் கொண்டு இதனைச் சோதிப்போம். ஆந்திரத்து ஏட்டிக்கொப்பாக்காவிலும் கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் வெட்பாலை என்னும் சிறுமரத்திலே விளையாட்டுப் பொருள்கள் கடைகின்றனர். வெளுத்த, உளிக்கு இணங்கும் மரம் அது. கடைசற் பொறியிற் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் தேய்க்க மெருகேறும். ஏட்டிக்கொப்பாக்காவிலே தாவரச் சாயங்களை மீட்டெடுத்த சி. வி. ராஜுவுக்கு 2023இல் பத்மசிறீ விருது கிடைத்தது. அவ்வூர்ப் பொம்மைகள் 2017இல் புவிசார் குறியீடும் பெற்றன.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும்; கடைவோனுக்கு மரத்தைத் தராது, நியாய விலையையும் உறுதிசெய்யாது. காட்டின்மீது அவனுக்கு உரிமையில்லை. சிறுமரத்தை வெட்டுவதோடு நடவும் செய்யாவிடின் தொழிலே நிலையாது. மரபின் பெருமை இவ்விரண்டையும் தீர்க்காது. மரம் வளர்ப்பதிலும் விலை நிர்ணயிப்பதிலும் தொழிலாளர் கூட்டாகப் பங்குகொள்வதே தீர்க்கும்.

குமாரசுவாமியின் அந்நூல் 425 பிரதிகளே அச்சாயிற்று. அதிற் பேசப்பட்ட கைவினைஞர் கைக்கு எட்டும் நூலன்று அது. முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள எமது ஆசிரியரும் மாணவரும் அதனைக் கட்டாயம் படிக்கவேண்டும். படிக்கும்போது, மரம் யாருடையது, விலையை வகுப்பவர் யார் என்ற வினாக்களையும் உடன் கேட்கவேண்டும்.