டூம் ரைடர் 3: எஃப்1 விசைக்கு அடியில் இருக்கும் கணக்கு

டூம் ரைடர் மூன்றாம் பாகம் இந்தியக் காட்டுலதான் ஆரம்பிக்கும். ஒரு நீளமான சேற்றுச் சரிவு, நடுவுல கூரான முளைகள், கீழே புலி. 1998ல் வந்த விளையாட்டு. நான் மதுரையில் பிஇ படிக்கும்போது, ஹாஸ்டல் அறையில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் நாலு பேர் மாத்தி மாத்தி ஆடினோம். அந்தச் சரிவுலேயே லாரா எத்தனை தடவை செத்தாள்னு கணக்கே இல்லை.

2024 பிப்ரவரி 14 அன்று ஆஸ்பைர் நிறுவனம் முதல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து ஒரே தொகுப்பா வெளியிட்டது. அதில் ரசிகர்கள் அதிகம் பேசினது புது மரம், புது வெளிச்சத்தைப் பத்தி இல்லை, எஃப்1 விசையைப் பத்தி. ஆடிக்கிட்டு இருக்கும்போதே அதை அழுத்தினால் பழைய படம் அப்படியே வந்து நிற்கும். இன்னொரு தடவை அழுத்தினால் புதுசு.

இது வெறும் வேடிக்கைன்னுதான் முதல்ல நினைச்சேன். ரெண்டு நாள் ஆடினதும் வேற மாதிரி தோணிச்சு. அந்த விசை ஒரு அத்தாட்சி: 'மேலே பூச்சுதான் மாறியிருக்கு, அடியில் கை வைக்கலை.'

அடியில் இருப்பது ஒரு கட்டக் கணக்கு. கோர் டிசைன்காரர்கள் அந்த உலகம் முழுவதையும் சதுரக் கட்டங்களா அடுக்கியிருந்தாங்க. நின்ன இடத்திலிருந்து குதித்தால் ஒரு கட்டப் பள்ளத்தைத் தாண்டலாம். விளிம்பில் நின்று, பின்பக்கமா ஒரு துள்ளல், அப்புறம் ஓடிக் குதித்தால் ரெண்டு கட்டம். கையால் விளிம்பைப் பிடிக்கத் தெரிந்தால் மூணு. அதனால் ஒரு பள்ளத்தைப் பார்த்ததுமே முடியுமா முடியாதான்னு மனசுல கணக்குப் போடலாம். தாண்ட முடியலைன்னா தப்பு நம்மளோடது. ரசிகர்கள் காப்பாத்தச் சொன்னது இந்த நியாயத்தைத்தான்னு நினைக்கிறேன்.

புதுசா சேர்த்த 'நவீனக் கட்டுப்பாடு' சறுக்கினதும் இங்கேதான். குச்சியைத் தள்ளின திசையில் லாரா ஓடுவாள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விளிம்புல அளந்து நிற்கிற, ஒரு அடி பின்வாங்குற நிதானம் அதில் கிடைக்கலை. அரை மணி நேரத்தில் பழைய முறைக்கே போயிட்டேன்.

புது ஒளியமைப்பும் எல்லா இடத்திலும் ஜெயிக்கலை. சில அறைகள் அவ்வளவு இருட்டு, வழியைக் கண்டுபிடிக்க எஃப்1 அழுத்திப் பழைய படத்தைப் பார்க்க வேண்டியிருக்கு. புதுப்பித்தவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

அந்த இந்தியக் கோயில் இடிபாடு மட்டும் எனக்கு எப்பவும் உறுத்தும். கை கையா வாள் பிடிச்ச சிலைகள் உயிர் பெற்று வெட்ட வரும். அதுக்குப் பேர் சிவனாம். புதுப் பதிப்பில் சிலை மெருகேறியிருக்கு, தப்பு அப்படியே இருக்கு. இன, பண்பாட்டு ரீதியா புண்படுத்தும் சித்திரிப்புகள் உண்டுன்னு தொடக்கத்தில் ஒரு அறிவிப்பு போட்டுட்டு, எதையும் நீக்காம விட்டிருக்காங்க. அது சரின்னுதான் சொல்வேன். 1998ல் டெர்பியில் உட்கார்ந்து நம்மை எப்படிக் கற்பனை பண்ணினாங்கன்னு நானும் பார்க்கணும். ஆனா வெள்ளியம்பலத்தில் நடராஜர் இடது காலுக்குப் பதிலா வலது காலைத் தூக்கி ஆடுறதை ஊரே கவனிச்சுச் சொல்ற இடத்தில் வளர்ந்தவனுக்கு, அந்தச் சிலையைச் சுடும்போது லேசா சிரிப்பு வரத்தான் செய்யுது.

சேற்றுச் சரிவில் இந்தத் தடவை ரெண்டே தடவைதான் செத்தேன். மூணாவது தடவை, எந்த இடத்தில் குதிக்கணும்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே விரல் குதிச்சிருச்சு.