முதல் குழம்பு

நம்முடைய நாவல்களில் கதாநாயகி சமையலறைக்குள் போவாள். அடுத்த வரியில் காபி டம்ளரோடு வெளியே வந்துவிடுவாள். நடுவில் டிகாக்ஷன் இறங்கியதா, பால் பொங்கி வழிந்ததா, அடுப்பு படுத்தியதா என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. காதல் அரும்புவதற்கு இருபது பக்கம் ஒதுக்குகிறவர், அந்தப் பெண் தனிக்குடித்தனம் போய் முதல் நாள் உலை வைப்பதற்கு ஒரு பாராகூடத் தருவதில்லை. சினிமாக்காரர்களோ அடிப்பிடித்த பாத்திரத்தைக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். விலக்குகள் இல்லாமல் இல்லை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற கதை அடுக்களைக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அங்கே இருப்பவர்கள் வருஷக் கணக்கில் அடுப்படியிலேயே வெந்தவர்கள். கற்றுக்கொள்கிறவளின் கதை வேறு.

பிறந்த வீட்டை விட்டு வந்து, ‘இனி நம் வயிற்றுக்கு நாமேதான் பொறுப்பு’ என்று ஒருவர் முதல்முதலாக உணரும் நாள் அற்ப சொற்பமான நாளா என்ன? பரீட்சையில் தேறியதைவிட, முதல் சம்பளம் வாங்கியதைவிட அது பெரிய நாள் என்பது என் கட்சி. அந்த நாளைப் பற்றித் தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்று தேடிப் போனால், நாவல்களைத் தாண்டி வெகுதூரம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

குறுந்தொகையில் 167-ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. உ. வே. சாமிநாதையர் 1937-இல் உரையோடு பதிப்பித்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை பிரபலமாகிவிட்ட பாட்டு. புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் பெண்ணின் வீட்டுக்குச் செவிலித்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்லுகிறாள். பெண் கெட்டித் தயிரை விரலால் பிசைந்தாள். அந்த விரலைக் கட்டியிருந்த புடைவையிலேயே துடைத்துக்கொண்டாள். அதை அலசாமலே உடுத்திக்கொண்டு நின்றாள். தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணில் ஏறியது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் ‘இனிது’ என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். அவள் முகம் லேசாக மலர்ந்தது. அவ்வளவுதான் பாட்டு.

இதைத் தாம்பத்தியத்தின் இனிமைக்கு உதாரணமாகக் காட்டிக் காட்டி, உள்ளே இருப்பதைப் பார்க்காமலே விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. நான் கதை எழுதுகிறவன். என் கண்ணுக்கு இதில் முதலில் தெரிவது காதல் அல்ல, தடுமாற்றம். கைதேர்ந்தவளாக இருந்தால் கைத்துணி ஒன்று தோளிலோ பக்கத்திலோ இருக்கும். தாளிக்கிறபோது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதை உடம்பே அறிந்திருக்கும். இவளுக்கு இரண்டும் இல்லை. கையைக் கழுவப் போனால் அதற்குள் குழம்பு என்ன ஆகுமோ என்ற பயம். முகத்தைத் திருப்பினால் கடுகு தீய்ந்துவிடுமோ என்ற கவலை. அதிலும் தயிர்க் குழம்பு பொல்லாதது. ஒரு கொதி கூடுதலாகக் கொதித்தாலும் திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாக நிற்கும். அடுப்பை விட்டு நகராமல் அவள் துழாவியதற்குக் காரணம் அன்பு மட்டும் அல்ல. சமையல் தெரிந்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

இதையெல்லாம் கவனிப்பவள் யார்? செவிலி. இத்தனை நாளும் அந்தப் பெண்ணுக்கு ஊட்டி வளர்த்தவள். அழுக்கான புடைவை, புகை ஏறிய கண் எல்லாம் அவள் பார்வைக்குத் தப்பவில்லை. ஆனால், ‘உன் பெண்ணுக்குப் போதாது’ என்று அவள் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் சொல்லுகிறாள். குழம்பு நன்றாக இருந்ததா என்றும் சொல்லவில்லை. ‘இனிது’ என்று சொன்னவன் புருஷன்! அவன் சொல்லைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியுமா? அவள் முகம் மலர்ந்ததுகூட நுண்மையாகத்தான் மலர்ந்தது என்கிறார் புலவர். ஏன் முழுக்க மலரவில்லை? நாணம் என்று சொல்லலாம். குழம்பின் நிஜமான ருசி அவளுக்குத் தெரியும் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. பாட்டு அதற்கு இடம் கொடுத்துவிட்டு மௌனமாக நிற்கிறது. பல புதுக் கவிஞர்களுக்கு இந்த மௌனம் வராது.

நற்றிணையில் 110-ஆம் பாட்டு இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. பாலைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினால் ‘வேண்டாம்’ என்று பந்தலைச் சுற்றி ஓடிய செல்லப் பெண், புருஷன் வீடு வறுமைப்பட்டபோது, பிறந்த வீட்டுச் சோற்றை நினைத்தும் பார்க்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று அங்கே வியக்கிறார்கள். குடித்தனம் என்பது சமையல் மட்டும் அல்ல, இருப்பதைக் கணக்குப் பார்ப்பதும்தான் என்பதைப் போதனார் என்ற அந்தப் புலவர் அறிந்திருந்தார். ஆனால் எங்கே கற்றாள் என்ற கேள்விக்குப் பதில் பாட்டில் இல்லை.

ஆண்பிள்ளைகளின் கதி என்ன? புராணத்தில் ஆண்களே பெரிய சமையற்காரர்கள். நளன் பாகத்தைச் சுவைத்துத்தான் தமயந்தி அவனை அடையாளம் கண்டாள். விராடன் மடைப்பள்ளியில் வீமன் ஒரு வருஷம் கரண்டி பிடித்தான். ஆனால் இவர்கள் எப்போது, யாரிடம், எத்தனை பானையைக் கருக்கிக் கற்றார்கள் என்று எந்தப் புராணிகரும் சொல்லக் கேட்டதில்லை. வரமாக வந்த கை! கொஞ்ச காலம் முன்புவரை நம் வீடுகளில் பையனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது என்பதைத் தாய்மார்கள் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் மெஸ்களும் அந்தப் பெருமையின்மேல் கட்டிய கட்டடங்கள்தாம்.

இந்த விஷயத்தில் கூச்சமில்லாமல் எழுதியவர் காந்தி. ‘சத்திய சோதனை’யில் அவருடைய லண்டன் வாழ்க்கை அத்தியாயங்களை மறுபடி படித்துப் பாருங்கள். 1888-இல் போய் இறங்கியபோது அவருக்குப் பத்தொன்பது வயது நிறையப் போகிறது. முதலில் கனவான் வேஷம். பிறகு செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்து, ஒரு ஸ்டவ் வாங்குகிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, கோகோவுக்கு வெந்நீர். இருபது நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. மத்தியானம் மட்டும் வெளியே. இரவு ரொட்டியும் கோகோவும். ஒரு நாளைச் சாப்பாட்டுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். வேறொருவர் எழுதியிருந்தால் வறுமையின் உருக்கமோ தியாகத்தின் தம்பட்டமோ வந்திருக்கும். இவர் பாத்திரத்தையும் நிமிஷத்தையும் காசையும் எழுதுகிறார்.

அதே இடத்தில் கீரையைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறது. ரிச்மண்டில் மசாலா இல்லாமல் வேகவைத்த கீரை அவருக்குச் சப்பென்று இருந்தது. பின்னால் அதே கீரை ருசித்தது. ருசி இருக்கும் இடம் நாக்கு அல்ல, மனசு என்று தீர்மானம் செய்கிறார். எனக்கு இது முழுக்கச் சம்மதம் இல்லை. தனியாக இருக்கிறவன் கையால் சமைத்தது அவனுக்கு ருசிக்காமல் போனால் வேறு எங்கே போவான்? பசியும் சிக்கனமும் சேர்ந்து செய்த வேலையை மனசின் கணக்கில் எழுதிவிட்டாரோ என்று சந்தேகம். இருந்தாலும், ‘இனிது’ என்று சொல்ல எதிரே ஆள் இல்லாத ஒருவன் தன் சமையலைத் தானே எடைபோடுவதை இவ்வளவு நேர்மையாக வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இனி, போதனார் பாட்டில் பதில் இல்லாமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கே கற்றாள்? பதில் 1951-இல் புத்தகமாக வந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’. சமையல் புஸ்தகத்துக்கு இலக்கிய விமரிசனமா என்று முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்தில் எழுந்து போகலாம். எனக்கு வருத்தம் இல்லை.

இந்த அம்மாள் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். குழந்தையோடு வீட்டுப் பொறுப்பும் தலையில் விழுந்தது. அவர் கைமணம் உறவில் பிரசித்தம். உத்தியோகம் பார்க்கும் புருஷன்மாரோடு வெளியூர் போன பெண்கள் ‘இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது’ என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பார்கள். உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், எல்லாவற்றையும் புத்தகமாகவே எழுதிவிடச் சொன்னார். எழுதினார். பிறகு மேலும் பாகங்கள், ஆங்கில வடிவம் எல்லாம் வந்தன. 1962-இல் அவர் காலமானார்; புத்தகம் இன்றும் கல்யாணச் சீரில் போகிறது.

தலைப்பைக் கவனியுங்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்ற பழமொழியின் குரல் அதில் இருக்கிறது. பழமொழியில் ‘பார்’ என்பது மிரட்டல்: பண்ணினால் அல்லவா தெரியும்! இங்கே அதே சொல் தைரியம் சொல்லுகிறது. அம்மாளின் உரைநடையும் அப்படித்தான். படிக்கிறவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறார். ஆனால் தெரியவில்லையே என்று பரிகாசம் இல்லை. எது முதலில், எது பின்னால், எந்த நிறம் வரும்வரை, எந்த வாசனை எழும்வரை என்று அடுப்பின் பக்கத்தில் நின்று சொல்லுகிற மாதிரி வாக்கியங்கள் போகின்றன. புளி முன்னால் விழுந்துவிட்டால் துவரம் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. புளிப்பு அதை இறுக்கிவிடும். சமையலில் வரிசை மாறினால் பொருளே மாறிவிடுகிறது. கதை எழுதுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நம் நடையில் எத்தனை இடத்தில் பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றிவிடுகிறோம்!

பதம் என்று ஒரு சொல் இருக்கிறது. கம்பிப் பாகு, உருண்டைப் பதம், முறுகல் பதம் என்பதையெல்லாம் எண்ணால் சொல்லிவிட முடியாது. கண்ணும் விரலும் அறிந்ததை எழுத்தில் பிடிக்க வேண்டும். நாவலாசிரியனுக்குச் சாயங்கால வெயிலை வர்ணிப்பது சுலபம். யாரும் அதைச் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. மைசூர்பாகின் பதத்தை வர்ணித்தவரை அன்று மத்தியானமே சோதித்துவிடுவார்கள். அந்தச் சோதனையில் எழுபது வருஷங்களுக்கு மேலாகத் தேறி வந்திருக்கும் உரைநடை தமிழில் எத்தனை இருக்கிறது?

குறைகளும் உண்டு. இது ஒரு வகுப்பாரின் சைவ அடுக்களை. நற்றிணையிலேயே, 120-ஆம் பாட்டில், விருந்துக்காக ஒருத்தி வாளைமீனை அரிந்து, புகையில் நெற்றி வியர்க்கச் சமைக்கிறாள். அவளுடைய பேத்திகளுக்கு அம்மாளின் புத்தகத்தில் இடம் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள்தாம் அதிகம். அவர்கள் பக்கத்திலிருந்து இதே பொறுமையோடு, இதே காலத்தில் ஒருவர் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இன்னொரு குறை, அளவுகள் குடும்பத்துக்கானவை. ஒற்றை ஆளுக்கு உதவாது. நாலு பேர் சாம்பாரை நாலால் வகுத்தால் ஒருவர் சாம்பார் வந்துவிடாது. சிறு பாத்திரத்தில் கொஞ்சமாகக் கொதிப்பது சீக்கிரம் சுண்டிவிடும். தண்ணீரைக் கணக்குக்கு மேல் விடவேண்டும். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கும் இன்றைய பெண்ணுக்கும் பையனுக்கும் இதுதான் முதல் சங்கடம். அவர்கள் டெலிபோனில் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறார்கள். அம்மா, ‘ஒரு கை போடு’ என்கிறாள். யாருடைய கை?

பழைய பதிப்புகளில் ஆழாக்கும் வீசையும் இருக்கும். மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்து, கிராமும் லிட்டரும் கடைக்கு வந்த பிறகு, வாங்கியவர்கள் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். என் பெரிய அத்தை 1964-இல் கல்யாணமாகி நாகபுரிக்குப் போனவள். அவள் பிரதியில் அந்தக் கணக்குகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. மோர்க்குழம்புப் பக்கத்தில் மட்டும் கணக்கோடு வேறு சில வார்த்தைகளும் உண்டு. ஆடி 14 என்று தேதி போட்டு, ‘திரிந்துவிட்டது. நன்றாயிருக்கிறது என்றார்’ என்று எழுதியிருக்கிறாள். அதன் கீழேயே, ‘புரட்டாசி 2. சரியாக வந்தது. ஒன்றும் சொல்லவில்லை.’