கட்டணமில்லாத் திரையில் தமிழின் இடம்: மலேசியத் தமிழ் இல்லங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் மாதச் செலவுப் பட்டியலில் தண்ணீர், மின்சாரக் கட்டணங்களுக்கு அடுத்து இடம்பிடித்தது துணைக்கோள் தொலைக்காட்சிக் கட்டணம் ஆகும். 1996ஆம் ஆண்டு மீசாட் 1 துணைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் அஸ்ட்ரோ தன் சேவையைத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து, தாமான்கள், அடுக்குமாடி வீடுகள், தோட்டத்து லயங்கள் என எங்கும் கூரையோரத்தில் அலைவாங்கித் தட்டுகள் தோன்றின. அண்மைக் காலத்தில் அக்கட்டணத்தை நிறுத்திவிட்டு, மாதக் கட்டணம் இல்லாத ஒளிபரப்புகளுக்கு மாறும் இல்லங்களை நாம் காண்கிறோம். இம்மாற்றம் குறித்த உரையாடல் பெரும்பாலும் எத்தனை ரிங்கிட் மிச்சமாகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. மொழி பயிற்றுவிப்போர் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. கட்டணத்தை நிறுத்திய வீட்டில் எவ்வளவு தமிழ் எஞ்சுகிறது? எத்தகைய தமிழ் எஞ்சுகிறது? இவ்விரு வினாக்களை முன்வைத்தே இக்கட்டுரை அமைகிறது.

துணைக்கோள் வழி வந்த தமிழ்

துணைக்கோள் சேவைக்கு முன், மலேசியத் தமிழர்க்குத் தொலைக்காட்சித் தமிழ் என்பது ஆர்.டி.எம். அலைவரிசையில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கிடைத்த ஒன்றாகும். தமிழ்த் திரைப்படம் ஒளியேறும் நாளில் அண்டை வீட்டாரும் ஒரே கூடத்தில் அமர்ந்து பார்த்ததை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். அஸ்ட்ரோவின் வானவில் அலைவரிசை அந்நிலையை மாற்றியது. தமிழகத்தில் 1993இல் தொடங்கப்பட்ட சன் தொலைக்காட்சி போன்றவையும் பின்னர் இச்சேவையில் இணைந்தன. நாள் முழுவதும் தமிழ் ஒலிக்கும் கூடம் என்பது அதுவரை இந்நாட்டுத் தமிழர் அறியாத ஒன்று.

இதனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், கடைத்தெருவில் மலாயும் சீனமும் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தமிழ் கேட்கும் வாய்ப்பை இத்திரை பெருக்கியது. எனினும் அங்குப் பெருகிய தமிழில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வந்த தமிழே. மாமியார் மருமகள் பூசல், ஆங்கிலம் விரவிய நிகழ்ச்சித் தொகுப்பு, தமிழக அரசியல் செய்தி ஆகியவையே அதன் பொருள். காஜாங்கில் வாழும் மாணவன் தமிழகச் சட்டமன்றத் தொகுதிகளை அறிந்திருந்து, தன் மாநிலச் சட்டமன்றத்தைத் தமிழில் எவ்வாறு குறிப்பிடுவது என்பதை அறியாதிருக்கும் நிலையும் இதனால் ஏற்படலாயிற்று.

கட்டணமில்லா வழிகள்

கட்டணத்தை நிறுத்துவோர்க்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, 2012இல் அறிமுகமான என்ஜோய் என்னும் துணைக்கோள் சேவை. தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை பணம் செலுத்தினால் போதும்; மாதக் கட்டணம் இல்லை. வேண்டுவோர் முன்பணம் கட்டிக் கூடுதல் அலைவரிசைகளைப் பெறலாம். இதுவும் துணைக்கோள் வழியே வருவதால், கனமழையில் படம் நின்றுவிடும் பழைய குறை இதிலும் உண்டு.

இரண்டாவது, தரைவழி எண்மிய ஒளிபரப்பு. 2019ஆம் ஆண்டில் மலேசியா பழைய தரைவழி ஒளிபரப்பு முறையைக் கட்டங்கட்டமாக முற்றிலும் நிறுத்தியது. அதன் பின்னர், எண்மிய வாங்கி உள்ளமைந்த தொலைக்காட்சியோ தனிப் பெட்டியோ இருந்தால், சாதாரண ஏரியலைக் கொண்டே தெளிவான படத்தைப் பெற முடிகிறது. அரசு உதவித்தொகை பெற்ற குடும்பங்களுக்கு இப்பெட்டிகள் இலவசமாகவும் வழங்கப்பட்டன. பழைய முறையில் அலை குன்றினால் படம் புள்ளி புள்ளியாக மங்கும். ஆயினும் குரல் கேட்கும். எண்மிய முறையிலோ, அலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் படமும் குரலும் கட்டங்கட்டமாகச் சிதறி நின்றுவிடும். எனவே ஏரியலை நிறுவும் இடமும் திசையும் இம்முறையில் முதன்மை பெறுகின்றன.

மூன்றாவது, கைப்பேசி வழி இணையம். இது கட்டணமில்லா வழி எனப்படினும் இணையத் தரவுக்குரிய கட்டணம் இதில் மறைந்திருக்கிறது. அன்றியும், இது குடும்பத்தின் பொதுத் திரையைத் தனித்தனித் திரைகளாகப் பிரித்துவிடுகிறது. பாட்டி பார்க்கும் தமிழ் பேரனின் காதில் விழுவதில்லை.

எஞ்சும் தமிழ்

நம் இல்லத்தில் சந்தாவை நிறுத்தி ஏரியலைப் பொருத்தியபோது, முதல் வாரத்தில் பெரிதும் உணரப்பட்டது படக் குறைவன்று, நேரக் குறைவேயாகும். டிவி 2 அலைவரிசையில் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் உள்ளன. ஆனால் அவை பிற மொழி நிகழ்ச்சிகளோடு நேரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பெர்னாமா தொலைக்காட்சியிலும் தமிழ்ச் செய்தி இடம்பெறுகிறது. உரிய வேளையை அறிந்து அமர்ந்தால் தமிழ் உண்டு, தவறினால் இல்லை. முதல் சில நாட்கள் வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னர், செய்தி நேரத்தில் அனைவரும் கூடத்துக்கு வரும் பழக்கம் மெல்லத் திரும்பியது. அவ்வேளை முடிந்ததும் இளையோர் கைப்பேசிக்குத் திரும்பினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இங்கு ஓர் ஒப்புநோக்கு இன்றியமையாதது. அதே ஆர்.டி.எம். வானொலியில் தமிழுக்கென மின்னல் எஃப்.எம். என்னும் தனி அலைவரிசையை நடத்திவருகிறது. ஆக, பொது ஒலிபரப்பில் தமிழுக்கு ஒரு வீடு உண்டு. பொது ஒளிபரப்பில் ஓர் அறையே உண்டு. கட்டணச் சேவை பெருகியிருந்த காலத்தில் இவ்வேறுபாடு நம் கண்ணில் படவில்லை. அறை போதாதவர் பணம் கொடுத்து வெளியே வீடு எடுத்துக்கொண்டதே அதற்குக் காரணம் எனலாம். பணம் கொடுக்க இயலாதவர் குறித்து நாம் எண்ணவில்லை. இன்று கட்டணத்தை நிறுத்துவோர், அவர்கள் நெடுங்காலமாக வாழ்ந்த அந்த அறைக்குள் இப்போதுதான் நுழைகின்றனர்.

இரு திரைகளின் மொழி

அளவில் சிறிதாயினும், கட்டணமில்லாத் திரையின் தமிழ் தன்மையில் வேறுபட்டது. உள்நாட்டுச் செய்தி அறிக்கையில் மாமன்னர், மந்திரி பெசார், மேலவை, தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி முதலான சொற்கள் இயல்பாக ஒலிக்கின்றன. இந்நாட்டின் ஆட்சி, கல்வி, சட்டம் ஆகியவற்றைத் தமிழில் பேசுவதற்கு வேண்டிய சொற்கோவை இதுவே. சென்னைத் திரைக்கு இச்சொற்கள் தேவையில்லை. ஆகவே அங்கிருந்து இவை வாரா. திரைப்படங்களின் அடியில் ஓடும் மலாய் மொழிபெயர்ப்பு வரிகளும் கருதத்தக்கவை. அவை பிற இனத்தவரையும் தமிழ்ப் படத்தின் முன் அமரச் செய்கின்றன.

உள்நாட்டு நாடகங்களுக்கு வருவோம். கித்தாக் காடு, மண்டோர், கிராணி போன்ற தோட்ட வழக்குகளும், இன்றைய நகர்ப்புற இளைஞரின் பேச்சும் அவற்றில் பதிவாகின்றன. இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய நாடகங்களையும் தொலைப்படங்களையும் வளர்த்ததில் கட்டணச் சேவைக்கும் பெரும்பங்கு உண்டு. வானவில்லும் பின்னர் வந்த விண்மீனும் உள்நாட்டுக் கலைஞர்க்கு வாய்ப்பும் ஊதியமும் அளித்தன. எனவே கட்டணத் திரை அயல் தமிழ், கட்டணமில்லாத் திரை நம் தமிழ் என வரையறுத்துவிடுவது பொருந்தாது.

இதிலிருந்தே நம் கவலை பிறக்கிறது. சந்தாதாரர் குறையக் குறைய, உள்நாட்டுத் தமிழ் நாடகத்துக்குச் செலவிடும் ஆற்றல் கட்டணச் சேவைக்குக் குறையும். அந்த இடத்தைப் பொது ஒளிபரப்பு நிரப்பாவிடில், நம் பேச்சையும் வாழ்வையும் காட்டும் நாடகம் இரு பக்கமும் ஆதரவு இழக்கும். இறக்குமதியாகும் தொடர்களோ இணையத்தில் தட்டின்றித் தொடர்ந்து கிடைக்கும். அதாவது, கட்டணத்தை நிறுத்துவதால் முதலில் மெலிவது அயல் தமிழன்று, நம் தமிழே.

சிங்கப்பூர் காட்டும் ஒப்புமை

அண்டை நாட்டின் நிலை இங்கு ஒப்பிடத்தக்கது. சிங்கப்பூரில், பிற நிகழ்ச்சிகளோடு அலைவரிசையைப் பகிர்ந்திருந்த வசந்தம், 2008 அக்டோபரில் தனி அலைவரிசையாயிற்று. பழைய ஒளிபரப்பு முறை 2019 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டபோதும், கட்டணமின்றி அதனைப் பெறும் நிலை நீடித்தது. தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் 2011இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அங்குக் கட்டணத் தொலைக்காட்சியை நிறுத்தும் குடும்பம் தமிழகத் தொடர்களை இழக்கலாம். உள்நாட்டுத் தமிழை இழப்பதில்லை.

மக்கள் தொகையில் மலேசியத் தமிழர் சிங்கப்பூர்த் தமிழரினும் பன்மடங்கினர் என்பதை எண்ணும்போது, இவ்வேறுபாடு எண்ணிக்கையால் விளைந்ததன்று என்பது தெளிவு. தமிழ் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று, இங்கு அவ்வாறன்று. எனினும் வானொலியில் இயன்றது தொலைக்காட்சியில் ஏன் இயலவில்லை என்னும் வினாவிற்கு ஆட்சிமொழித் தகுதி மட்டும் விடையாகாது. இலவசம் என்பது செலவில்லாதது அன்று; அச்செலவை வரியாலும் விளம்பரத்தாலும் பொதுவில் ஏற்பதாகும். வரி செலுத்துவோருள் நாமும் அடங்குவோம்.

வகுப்பறை நோக்கில்

கேட்டல், பேச்சு ஆகியவற்றை மொழித்திறன்களாகக் கொண்ட நம் கலைத்திட்டத்துக்கு, கட்டணமில்லாத் தமிழ்ச் செய்தி ஒரு தயார்நிலைப் பாடப்பொருள். எல்லா மாணவர் வீட்டிலும் கட்டணச் சேவை இருக்கும் எனக் கருதி ஆசிரியர் வீட்டுப்பணி கொடுக்க இயலாது. பொதுத் தொலைக்காட்சிச் செய்தியை நம்பிக் கொடுக்கலாம். செய்தியில் கேட்ட ஐந்து கலைச்சொற்களைக் குறித்து வரச் செய்தல், ஒரே நிகழ்வை உள்நாட்டுச் செய்தியும் தமிழகச் செய்தியும் கூறும் முறையை ஒப்பிடச் செய்தல் ஆகியன எளிய பயிற்சிகள். உள்நாட்டு நாடகத்தின் பேச்சு வழக்கைப் பிழை எனத் தள்ளாமல், எவ்விடத்தில் எவ்வழக்குப் பொருந்தும் எனப் பேசச் செய்தலும் பயன்தரும்.

முடிவுரை

கட்டணத்தை நிறுத்துவது குடும்பத்தின் உரிமை. அதனைக் குறைகூற எவர்க்கும் இடமில்லை. ஆனால் அம்முடிவு மொழி தொடர்பான ஒரு பொறுப்பையும் உடன் கொணர்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் தமிழ்த் திரையின் வாடிக்கையாளராக இருந்தோம். நிறைவில்லையெனில் சந்தாவை நிறுத்தினோம். பொது ஒளிபரப்பின் முன் நாம் வாடிக்கையாளர் அல்லர், குடிமக்கள். குடிமக்கள் நேரம் கேட்கலாம், தரம் கேட்கலாம், தனி அலைவரிசையும் கேட்கலாம். அவ்வாறு கேட்பதற்கு, இன்று கிடைக்கும் அந்தக் குறுகிய நேரத்தை நாம் பார்க்கிறோம் என்பதே முதற்சான்றாகும். நாம் பாராத நிகழ்ச்சிக்காக வாதாடுதல் எளிதன்று. ஏரியலைப் பொருத்துவதோடு, தமிழ்ச் செய்தி நேரத்தில் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளை அருகில் அமர்த்துவதையும் தமிழாசிரியர்கள் தம் இல்லங்களிலிருந்தே தொடங்குவாராக.